வெட்டுத்துண்டில் மிஞ்சிய வடிவம்

ஐயா,

நுண்கலைக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு சிற்பம் படிக்கிறேன். ஊர் ஆம்பூர். ஷூ கம்பெனிக் கழிவுத் தோலை எடைக்கு வாங்கி, ஆறு அங்குலச் சதுரங்களாக நறுக்கித் தைத்து, எட்டடி உயரத் திரையாகச் சுவரில் மாட்டினேன். மேலே சிவப்பு அக்ரிலிக். மூன்றே நாளில் பெயிண்ட் வெடித்து உரிந்தது, திரையும் ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. வந்தவர்கள் பக்கத்தில் ஒட்டியிருந்த குறிப்பைப் படித்தார்கள், "தொழிலாளர் துயரமா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்கள். பிறருடைய படைப்புகளுக்கு முன் நிற்கும்போது எனக்கும் அதே நிலைதான். எங்கே தவறு?

சிற்ப மாணவி, ஆம்பூர்

அன்புள்ள மாணவிக்கு,

ஷூவுக்கு வரும் தோலின்மேல் நிறமும் அதற்குமேல் லாக்கர் என்ற பளபளப்புப் பூச்சும் ஏற்கெனவே ஏறியிருக்கும். பெயிண்ட் ஒட்டியது லாக்கரில், தோலில் அல்ல. அசிட்டோன் நனைத்த பஞ்சால், பஞ்சில் நிறம் ஏறும்வரை துடைக்க வேண்டும் (ஜன்னல் திறந்திருக்கட்டும், நெருப்பு அண்டக்கூடாது). பிறகு பெயிண்டில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து மெல்லிய பூச்சுகள், ஒன்று காய்ந்தபின் அடுத்தது. கெட்டியாக ஒரே பூச்சாக அடித்தால் தோல் வளையும், பெயிண்ட் வளையாது.

திரை இறங்கியதற்குக் காரணம் வேறு. ஒரே தோலில் முதுகு இறுக்கம், வயிறு நெகிழ்ச்சி. நல்ல முதுகெல்லாம் ஷூவுக்குப் போய்விடும், கழிவில் வயிறும் கழுத்தும்தான் மிகுதி. இரு கையாலும் இழுத்துப் பார்த்துப் பிரித்திருந்தால் எந்தப் பக்கம் இறங்கும் என்று தைக்கும் முன்பே தெரிந்திருக்கும்.

இவை சரிசெய்யக் கூடியவை. உங்கள் கடிதத்தில் எனக்கு வலித்தது அந்தச் சதுரங்கள்தான். ஷூ பாகங்களை வெட்டியெடுக்கும் இரும்பு அச்சு (டை) தோலில் இறங்கிய பிறகு மிஞ்சும் துண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஷூ நாக்கின் வளைவு, மறுபக்கம் குதிகாலைச் சுற்றும் பட்டையின் வளைவு, நடுவே விரற்கடை அகலத்தில் ஒரு பாலம். கப்பலேறிப் போன ஷூ ஆம்பூரில் ஓட்டையாகக் கிடக்கிறது. அந்த ஓட்டையை நறுக்கி எறிந்துவிட்டு, அது சொல்லியிருக்க வேண்டியதைச் சிவப்பாலும் குறிப்பாலும் சொல்லப் பார்த்தீர்கள். குறிப்பில் இல்லாத எதுவும் திரையில் இல்லை. பிறகு அவர்கள் ஏன் நிற்க வேண்டும்?

நிறம் வேண்டுமென்றால் தோலுக்குள்ளிருந்தே எடுக்கலாம். ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றில் பதனிட்ட தோலை, மேற்பூச்சு இல்லாததாகத் தேடி வாங்குங்கள். வெட்டிய விளிம்பு பழுப்பாக இருக்கும், சொட்டு நீரை உறிஞ்சிக் கறுக்கும். அரை லிட்டர் வினிகரில் ஒரு கைப்பிடி சாதா இரும்பு ஆணி போட்டு ஒரு வாரம் வையுங்கள். மூடியை இறுக்கக்கூடாது, வாயு கிளம்பும். துத்தநாகம் பூசியதும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் உதவாது. வடிகட்டித் தடவினால் நிமிடங்களில் தோல் கறுக்கும். கலம்காரித் துணியின் கறுப்பும் இதே கூட்டுதான்: இரும்பும், கடுக்காய் போன்றவற்றின் துவர்ப்பும். லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கரைத்துக் கழுவி, காய்ந்ததும் எண்ணெய் தடவுங்கள். விட்டுவிட்டால் அமிலம் தோலை நாளடைவில் நொறுக்கும். குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோலில் இது பலிக்காது. குரோம் தோலைச் சுட்டுத் தழும்பு போடும் யோசனை இருந்தால் தயவுசெய்து வேண்டாம், சூட்டில் குரோமியம் கடும் நச்சாக மாறக்கூடும்.

சுவரில் மாட்டியதும் இழப்புதான். தோலுக்கு ரோமப்பக்கம், சதைப்பக்கம் என்று இரண்டு முகம். அமெரிக்கச் சிற்பி ஈவா ஹெஸ்ஸே 1969-இல் லேடெக்ஸும் (ரப்பர் பால்) துணியும் ஃபைபர்கிளாஸும் சேர்த்த எட்டுத் திரைகளைக் கூரையிலிருந்து வரிசையாகத் தொங்கவிட்டார். பக்கவாட்டில் நடந்து, இடைவெளி வழியாகப் பார்க்க வேண்டிய படைப்பு அது. உங்கள் திரையைச் சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளித் தொங்கவிட்டு, பின்னாலிருந்து ஒரு விளக்கு கொடுங்கள். ஓட்டைகளின் வடிவம் வெளிச்சமாகப் பார்ப்பவர் மேலேயே விழும்.

பார்ப்பதற்குப் பயிற்சி வேண்டுமென்றால் வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்குப் போங்கள். 16-ஆம் நூற்றாண்டுத் தூண்கள். ஒரே ஒரு தூண், அரை மணி நேரம். பாய்ந்து நிற்கும் குதிரையின் எடையை எது தாங்குகிறது, உளி எங்கே ஆழமாகக் குடைந்திருக்கிறது, எங்கே கல்லை ஒட்டியபடியே விட்டிருக்கிறது என்று மட்டும் நோட்டில் எழுதுங்கள். "அழகு", "கம்பீரம்" எல்லாம் வேண்டாம். அடுத்த கண்காட்சியிலும் இதே கேள்விகள்: எந்தப் பொருளால் செய்தது, எப்படி நிற்கிறது, எதை நீக்கியிருக்கிறார்கள். குறிப்பு அட்டையைக் கடைசியில் படியுங்கள்.

புதிதாக வாங்கும் துண்டுகளை ஒரு வாரம் தரையில் பரப்பி வையுங்கள். அதுவரை கத்தரிக்கோல் பையிலேயே இருக்கட்டும்.