ஏஐ உதவியாளர் இல்லாத ஃபிளாக்கைப் போடுகிறதா? முதலில் '--ஹெல்ப்'பைத் திருத்துங்கள்

கேள்வி: டேட்டாபேஸ் மைக்ரேஷனுக்கு எங்கள் குழு சொந்தமாக ஒரு கமாண்ட்-லைன் கருவி வைத்திருக்கிறது. 40 பக்கக் கையேடும் உண்டு. இருந்தும் ஏஐ கோடிங் உதவியாளர் இல்லாத ஃபிளாக்குகளை (கட்டளையோடு சேர்க்கும் '--' விருப்பங்களை) போடுகிறது. சில சமயம் டெர்மினல் அப்படியே நின்றுபோகிறது. கையேட்டில் இன்னும் என்ன சேர்க்க வேண்டும்?

பதில்: கையேட்டைத் தொடுவதற்கு முன், கருவி தானே திரையில் சொல்வதைச் சரிசெய்யுங்கள். உங்கள் நிறுவனத்துக்குள் மட்டும் புழங்கும் கருவியைப் பற்றி உதவியாளரின் பயிற்சியில் எதுவும் இருந்திருக்காது. மற்ற கருவிகளில் பார்த்த வழக்கத்தை வைத்துத்தான் ஊகிக்கும். ஒத்திகை ஓட்டத்துக்கு நீங்கள் '--ப்ரிவியூ' என்று பெயர் வைத்திருந்தாலும் அது '--டிரை-ரன்' என்றே எழுதும். பல கருவிகளில் அதுதான் பெயர். ஒரே தவறு திரும்பத் திரும்ப வந்தால், பக்கம் பக்கமாக விளக்குவதைவிட அந்தப் பெயரையும் ஏற்கும்படி கருவியை மாற்றுவதே மேல். குழுவுக்குப் புதிதாக வருபவர்களும் அதே இடத்தில்தான் தடுக்குவார்கள்.

ஒவ்வொரு துணைக் கட்டளைக்கும், பயன்பாட்டைத் திரையில் விளக்கும் தனி '--ஹெல்ப்' இருக்கட்டும். அதில் அப்படியே ஒட்டி ஓட்டக்கூடிய 2 அல்லது 3 முழு உதாரணங்கள் வேண்டும். '--டைம்அவுட் 30' என்றால் வினாடியா, மில்லி வினாடியா? எதுவும் கொடுக்காவிட்டால் என்ன மதிப்பு? தரவை அழிக்கும் கட்டளை எது? இவை எழுதப்படாத இடத்தில்தான் ஊகம் நுழைகிறது.

டெர்மினல் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் காரணம், "தொடரலாமா?" என்று கேட்டுவிட்டுக் கருவி விசைப்பலகைக்காகக் காத்திருப்பதுதான். உள்ளீடு டெர்மினலிலிருந்து வராவிட்டால், கேட்காமல் உடனே தோல்வியுடன் வெளியேற வேண்டும். எந்த ஃபிளாக் தேவை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அழிக்கும் கட்டளைகளில் "--யெஸ் சேர்க்கவும்" என்று எரர் செய்தியில் எழுதாதீர்கள். உதவியாளர் அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டு அடுத்த நொடியே ஓட்டிவிடும். அங்கே உண்மையான காவல், அது பயன்படுத்தும் கணக்குக்கு அழிக்கும் அனுமதியே தராமலிருப்பது.

எரர் செய்திகளுக்கு நேரம் செலவிடுங்கள். ஆவணத்தில் உதவியாளர் தவறாமல் படிக்கும் பகுதி அதுதான். "தவறான உள்ளீடு" என்பதால் பயனில்லை. எந்த மதிப்பு தவறு, எவை செல்லும், அடுத்து எந்தக் கட்டளை என்று மூன்றும் வேண்டும். கட்டளையைத் தவறாக அடித்தால், நிரலின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் கருவி நெருக்கமான பெயரைக் காட்டுகிறதே, அதுபோல. தோற்றால், முடியும்போது கருவி தரும் எண்ணான எக்ஸிட் கோட், வெற்றியைக் குறிக்கும் 0 ஆக இருக்கவே கூடாது. இருந்தால், வேலை முடிந்துவிட்டது என்று நம்பி உதவியாளர் மேலே போய்விடும்.

இப்போது கோப்புகளுக்கு வரலாம். ரெப்போவின் (நிரல் களஞ்சியத்தின்) வேரில், ஏஐ உதவியாளர்களுக்கான குறிப்புக் கோப்பான 'ஏஜென்ட்ஸ்.எம்டி' வையுங்கள். கிளாட் கோட் என்ற ஏஐ கோடிங் உதவியாளர் 'கிளாட்.எம்டி' என்ற கோப்பைப் படிக்கும், அதில் '@ஏஜென்ட்ஸ்.எம்டி' என்று ஒரு வரி போட்டால் அதே உள்ளடக்கம் போய்ச் சேரும். ஒவ்வோர் அமர்விலும் முழுதாக ஏற்றப்படுவதால் 100 வரிக்குள் நிறுத்துவது நல்லது. பில்ட், டெஸ்ட் கட்டளைகளையும், வழக்கத்துக்கு மாறாக உங்களிடம் உள்ளவற்றையும் மட்டும் எழுதுங்கள். "இதைச் செய்யாதே" என்று நிறுத்தாமல், பதிலாக எதைச் செய்வது என்பதையும் சேருங்கள்.

பதிப்பு எண்ணை மேலேயே போடுங்கள். பைத்தான் மொழியில் தரவைச் சரிபார்க்கும் நூலகம் பைடான்டிக். 2023-இல் வந்த அதன் 2-ஆம் பதிப்பு, 'டிக்ட்()' என்பதை ஒதுக்கி 'மாடல்_டம்ப்()' என்று மாற்றியது. பழைய நிரல்களில் பயின்ற மாடல்கள் பழைய பெயரையே எழுதக்கூடும். பழையது, புதியது இரண்டையும் அருகருகே வைத்தால் குழப்பம் குறையும்.

40 பக்கக் கையேட்டைப் பணிவாரியாகச் சிறு மார்க்டவுன் கோப்புகளாகப் பிரியுங்கள். உதவியாளர் சொல் தேடி ஒரு துண்டை மட்டும் எடுப்பதே அதிகம். அந்தத் துண்டில் "மேலே சொன்னபடி" என்று இருந்தால் மேலே என்ன இருந்தது என்பது அதற்குத் தெரியாது. ஸ்கிரீன்ஷாட்டில் உள்ள கட்டளைகளை எழுத்தாக மாற்றுங்கள்.

சோதிக்க, புதிய அமர்வைத் திறந்து அன்றாடப் பணிகள் 5 கொடுங்கள், குறிப்பு எதுவும் தராமல். அது தவறாக எழுதிய ஒவ்வொரு கட்டளைக்கும் உரிய விளக்கம் எந்த ஹெல்ப் பக்கத்தில், எந்த எரர் செய்தியில் விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள். ஆவணத்து உதாரணங்களை சிஐ-யில் (தானியங்கிச் சோதனை அமைப்பில்) ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் ஓட்டுங்கள். ஓடாத உதாரணம் இருந்தால் வெளியீடு நிற்கட்டும்.