யாரும் கேட்பதில்லை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கல்லூரி நாட்களிலிருந்து உங்கள் தளத்தை வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. அக்டோபர் முதல் வாரம் பொறியியல் முதுகலை படிக்க ஜெர்மனிக்கு வந்தேன். கிழக்குப் பகுதியில் நடுத்தரமான ஓர் ஊர். இப்போது டிசம்பர்.

முதல் வகுப்பு காலை 10 மணி என்று போட்டிருந்தது. 9.50-க்கே போய்விட்டேன். அரங்கில் ஒருவரும் இல்லை. 10 மணிக்கும் இல்லை. தவறான கட்டடத்துக்கு வந்துவிட்டேனோ என்று மாடி மாடியாக ஏறி இறங்கித் திரும்பி வந்தால் அரங்கு நிரம்பியிருக்கிறது. 10.15-க்குப் பேராசிரியர் ஆரம்பித்தார். இங்கே அதுதான் வழக்கமாம். வகுப்பு முடிந்ததும் எல்லோரும் மேசையை விரல் முட்டியால் தட்டினார்கள். ஏதோ எதிர்ப்பு தெரிவிக்கிறார்கள் என்று பயந்துவிட்டேன். கைதட்டலுக்குப் பதில் அப்படித் தட்டுவார்களாம்.

வருகைப் பதிவு கிடையாது. நவம்பரில் காய்ச்சல் வந்து இரண்டு வாரம் விடுதி அறையிலேயே படுத்துக் கிடந்தேன். ஏன் வரவில்லை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. குழுவாகச் செய்யும் ஒரு புராஜெக்ட்டில் ஜெர்மன் மாணவர் ஒருவர், நான்கு பேர் முன்னால், "உன் பகுதியில் கணக்கீடு தவறு, மறுபடி செய்" என்று முகத்துக்கு நேரே சொன்னார். அரை மணி நேரம் கழித்து டிராம் நிறுத்தத்தில் ஒன்றுமே நடக்காததுபோலச் சிரித்துப் பேசினார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஞாயிறு கடைகள் இல்லை. மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. தமிழ்ப் பையன்கள் நால்வர் ஒரு வீடு எடுத்துத் தங்கியிருக்கிறார்கள், வார இறுதியில் கூப்பிடுகிறார்கள். நம் ஆட்களோடேயே சுற்றினால் வெளிநாடு வந்ததற்கு என்ன பயன் என்று போகத் தயக்கம். விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்ட்டில் (செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட வங்கியில் முடக்கி வைக்கும் கணக்கு) கட்டிய 11,904 யூரோவை அப்பா கடன் வாங்கித்தான் கட்டினார். அதனால் வீட்டில் கேட்டால் "சூப்பரா இருக்கு" என்று சொல்லிவிடுகிறேன். சீனியர் ஒருவர், "ஆறு மாசத்துல எல்லாம் பழகிடும்" என்கிறார்.

இந்த மக்கள் அடிப்படையிலேயே இறுகியவர்கள், இங்கே யாருக்கும் யாரும் தேவையில்லை என்று தோன்றுகிறது. நான் பார்ப்பது சரியா, அல்லது வீட்டு ஞாபகத்தில் இப்படித் தெரிகிறதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு விதமான வரிகள் இருக்கின்றன. ஆளில்லாத அரங்கு, மேசையைத் தட்டும் சத்தம், டிராம் நிறுத்தத்தில் சிரித்த மாணவர். இவை நீங்கள் பார்த்தவை. "இந்த மக்கள் இறுகியவர்கள்" என்பது நீங்கள் பார்த்ததல்ல. அது விசா வருவதற்கு முன்பே யாரோ உங்கள் பெட்டிக்குள் மடித்து வைத்து அனுப்பியது. விமானமே ஏறாதவர்களும் அதைச் சொல்வார்கள். முதல் வகை வரிகளை நீங்கள் மட்டும்தான் எழுத முடியும், அதுவும் இப்போது மட்டும்தான். சீனியர் சொன்ன "பழகிடும்" உண்மை என்பதால் சொல்கிறேன்.

காந்தி 1888 செப்டம்பரில் சட்டம் படிக்க லண்டனுக்குக் கப்பலேறினார். பத்தொன்பது வயது நிறையவில்லை. அங்கே நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். அதில் கொஞ்சம் பக்கங்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. விக்டோரியா ஹோட்டலுக்குள் நுழைந்த அன்று நடந்தது அதில் இருக்கிறது. ஒரு கதவு திறக்கிறது, உள்ளே போகிறார். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டிய அறை என்று நினைத்துக்கொள்கிறார். பார்த்தால் இரண்டாம் மாடியில் இருக்கிறார். அது லிஃப்ட்.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து எழுதிய தன்வரலாற்றிலும் அதே ஹோட்டல் வருகிறது. லிஃப்ட் வருவதில்லை. அங்கே வருபவை வேறு. வெள்ளை ஃபிளானல் உடையில் கரையிறங்கி, செப்டம்பர் கடைசியில் அப்படி உடுத்திய ஒரே ஆள் தான்தான் என்று கண்டு கூசிப்போனது. மறுநாள் ஞாயிறு, அதனால் பெட்டிகள் கைக்கு வராது என்று கேட்டு எரிச்சலானது (உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு முன்னோடி இருக்கிறார் பாருங்கள்). பார்க்க வந்த டாக்டர் பிராண்ஜீவன் மேத்தாவின் உயரத் தொப்பியை எடுத்து, அதன் மென்ரோமத்தை எதிர்ப்பக்கமாகத் தடவிக் கலைத்தது. மேத்தா அங்கேயே பாடம் நடத்திவிடுகிறார்: அடுத்தவர் பொருளைத் தொடாதே, முதல் சந்திப்பிலேயே கேள்வியாகக் கேட்காதே, உரக்கப் பேசாதே, எல்லோரையும் "சார்" போட்டுப் பேசாதே.

ஐம்பது வயதைத் தாண்டியவருக்குத் தனக்குப் பாடமாக அமைந்தவைதான் எழுதத் தகுந்தவையாக இருந்திருக்கின்றன. லிஃப்டில் பாடம் ஒன்றும் இல்லை, வெறும் திகைப்புதான். அதை அந்தப் பையன் எழுதி வைத்ததால் நமக்குக் கிடைத்தது. அயல்நாட்டுப் படிப்பைப் பற்றி அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஒரு ஆய்வு உண்டு. ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்ற நார்வேக்காரர் 1955-ல் வெளியிட்டது. முதலில் உற்சாகம், நடுவில் சரிவு, பிறகு மெல்ல ஏற்றம் என்று ஒரு வளைகோடு போட்டார். உங்கள் பல்கலைக்கழகத்தின் வரவேற்பு நிகழ்ச்சியிலேயே அந்தக் கோட்டைத் திரையில் காட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை. ஆனால் அவர் கேட்டது அமெரிக்காவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்களிடம். முடிந்த கதையைச் சொல்பவர்களிடம் கேட்டால் கோடு அழகாகத்தான் வரும். உங்கள் டிசம்பர் அதில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

இனி உங்கள் குறைக்கு வருகிறேன். சுற்றிச் சுற்றி ஒரே குறைதான். யாரும் கேட்பதில்லை.

ஒரு சின்னக் கணக்கு. அங்கே பாடத்தின் சுமையைக் கிரெடிட் என்ற அலகில் அளக்கிறார்கள். ஒரு கிரெடிட் என்றால் பெரும்பாலும் 30 மணி நேர உழைப்பு என்று வைத்திருக்கிறார்கள். ஆறு கிரெடிட் பாடம் என்றால் 180 மணி. வகுப்பும் பயிற்சி வகுப்பும் சேர்த்து வாரம் நான்கு மணி, ஒரு பருவத்துக்குச் சுமார் 60. மீதி 120 மணி நேரம் எங்கே? அது உங்களிடம் இருக்கிறது. அதையும் பாடமாகவே எண்ணித்தான் அந்த ஆறு கிரெடிட்டைப் போட்டிருக்கிறார்கள். நம் கல்லூரிகளில் அந்த நேரத்துக்கும் ஒரு மேய்ப்பன் உண்டு. 75 சதவீத வருகை, இன்டர்னல் மார்க், ரெக்கார்டு நோட்டு, கையெழுத்துக்காக எச்.ஓ.டி. அறை வாசலில் நிற்பது. நான்கு வருடம் யாராவது நம்மைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட்பதை அக்கறை என்றும் கேட்காததை அலட்சியம் என்றும் படித்துப் பழகிவிடுகிறோம். 1810-ல் பெர்லினில் பல்கலைக்கழகம் தொடங்கியபோது ஜெர்மன் அறிஞர் வில்ஹெல்ம் ஃபான் ஹும்போல்ட் வகுத்த அடிப்படை, ஆசிரியர் மாணவருக்காக இருப்பவர் அல்ல, இருவருமே அறிவுத்துறைக்காக அங்கே இருப்பவர்கள் என்பது. இன்றைக்கு நூற்றுக்கணக்கானோர் உட்காரும் அரங்கில் அது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது வேறு விஷயம். உங்களை வளர்ந்த ஆளாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதில் மரியாதையும் உண்டு, வசதியான கைகழுவலும் உண்டு. இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது விடைத்தாளைக் காட்டும் நாள். தேர்வு முடிவு வந்த பிறகு ஒரு தேதியும் அறையும் அறிவிப்பார்கள். அடையாள அட்டையோடு போனால் உங்கள் விடைத்தாளைக் கையில் கொடுப்பார்கள். சில இடங்களில் அந்த அறையில் பேனாவை வெளியே எடுக்க முடியாது. பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்க்கலாம், எந்த வரியில் அரை மதிப்பெண் போயிற்று என்று தெரியும். "இந்தப் படி சரிதானே, ஏன் குறைத்தீர்கள்?" என்று திருத்தியவரிடமே கேட்கலாம். நியாயம் இருந்தால் மாற்றுவார், இல்லையென்றால் ஏன் இல்லை என்று சொல்வார். பயந்துகொண்டு போகாமல் இருந்துவிடாதீர்கள். நல்ல மதிப்பெண் வந்திருந்தாலும் போங்கள். (அங்கே 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. வீட்டில் முதலிலேயே விளக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் "ஒன்றுதான் வாங்கினாயா?" என்று அப்பா கவலைப்படுவார்.)

அந்த ஜெர்மன் மாணவர் விஷயம். அவர் சொன்ன விதம், சொன்ன இடம், பிறகு சிரித்தது, உங்களுக்குத் தூக்கம் வராதது எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். கணக்கீடு தவறா இல்லையா? அது கடிதத்தில் இல்லை. அவருக்கு இருந்த ஒரே கேள்வி அதுதான். தவறு என்றால் திருத்திக் கொடுங்கள், சரி என்றால் அதே நான்கு பேர் முன்னால் "இல்லை, சரிதான், இதோ பார்" என்று காட்டுங்கள். அதன் பிறகு நீங்களும் டிராம் நிறுத்தத்தில் சிரிக்கலாம். அவர் சிரித்தது நடிப்பாக இருக்க வேண்டியதில்லை. அவரைப் பொறுத்தவரை புராஜெக்ட் பற்றிய பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது.

இதைச் சொன்ன கையோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் "அவர்கள் பண்பாடு அப்படி" என்று மென்று விழுங்கிவிட வேண்டாம். நேரடியாகப் பேசுவது வேறு, தோலையும் பெயரையும் பார்த்துப் பேசுவது வேறு. வாடகை வீட்டுக்கு எழுதும் மின்னஞ்சலுக்கு உங்கள் பெயரில் பதிலே வராமல், வேறு பெயரில் எழுதினால் வருகிறது என்றால் அது பண்பாட்டு வேறுபாடு இல்லை, பாகுபாடு. அதைத் தடுக்க அங்கே 2006-லிருந்து ஒரு பொதுச் சட்டமே இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் இதற்கென்று முறையிடும் இடம் இருக்கும், எங்கே என்று இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மனம் ரொம்பவும் சரிந்தால், மாணவர் நலச் சங்கங்கள் உளவியல் ஆலோசனையும் தருகின்றன, பெரும்பாலும் கட்டணமில்லாமல். காய்ச்சலோடு இரண்டு வாரம் தனியாகக் கிடந்தீர்கள் என்று படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது, உங்கள் மேல். யாரும் கேட்கவில்லை என்கிறீர்கள். யாரிடமாவது சொன்னீர்களா? மருத்துவக் காப்பீடு இல்லாமல் அங்கே மாணவராகச் சேரவே முடியாது. மாதாமாதம் பணம் கட்டிவிட்டு டாக்டரிடம் போகாமல் படுத்துக் கிடப்பது என்ன கணக்கு?

அந்த நான்கு பையன்கள் வீட்டுக்குப் போங்கள். "நம் ஆட்களோடு சுற்றாதே" என்பது பெரும்பாலும் தனியாக இருட்டில் உட்கார்ந்து பார்க்காதவர்கள் தரும் அறிவுரை. வாரத்தில் ஒரு நாள் தமிழில் சண்டை போட்டுச் சிரித்துவிட்டு வந்தால் மீதி ஆறு நாள் வேறு மொழியில் வாழத் தெம்பு இருக்கும். ஆனால் ஜெர்மன் படிக்காமல் இருப்பதற்கு அந்த வீடு சாக்காகிவிடக் கூடாது. ஆங்கிலவழிப் படிப்பு என்பது வகுப்பறைக்குள் மட்டும்தான். டிராமில், மருத்துவமனையில், பகுதிநேர வேலை கேட்கும் இடத்தில் ஜெர்மன்தான். வேலை என்றதும் ஞாபகம் வருகிறது. ஆண்டுக்கு 140 முழு நாட்கள்வரை வேலை செய்யலாம் என்று 2024-லிருந்து விதி இருக்கிறது. கடனை நினைத்து முதல் பருவத்திலேயே அதில் குதிக்காதீர்கள். நான் சொன்ன அந்த 120 மணி நேரத்திலிருந்துதான் அது கரையும்.

பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்கும் ஒவ்வொரு பெரிய கட்டுரையிலும் "இது என் சொந்த உழைப்பு" என்று கையெழுத்துப் போடச் சொல்வார்கள். நாம் அதைச் சடங்காக எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. 2011-ல் ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சர் குட்டன்பெர்க், முனைவர் பட்ட ஆய்வேட்டில் மற்றவர் எழுத்தைச் சொல்லாமல் எடுத்தாண்டது வெளிப்பட்டு, பட்டத்தையும் பதவியையும் இழந்தார். அமைச்சருக்கே அந்த கதி.

வீட்டில் "சூப்பர்" என்று சொல்வதை நிறுத்துங்கள். அழுது புலம்ப வேண்டும் என்று சொல்லவில்லை. எனக்கு எழுதிய அந்த ஆளில்லாத அரங்கையும் மேசைத் தட்டலையும் அப்பாவிடம் அப்படியே சொல்லுங்கள். கடன் வாங்கி அனுப்பியவருக்கு அதைக் கேட்கும் உரிமை இருக்கிறது, ரசிக்கவும் செய்வார். தினமும் படுக்கும் முன் அன்று விளங்காமல் போன ஒன்றை நாலு வரியில் எழுதி வையுங்கள். தீர்ப்பு எழுத வேண்டாம், அதற்கு நிறைய வருடங்கள் இருக்கின்றன.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். அங்கே வகுப்பில் உட்கார்வதும் தேர்வுக்குப் பெயர் கொடுப்பதும் தனித்தனி. பருவக் கடைசியில் வரும் தேர்வுகளுக்குப் பல பல்கலைக்கழகங்களில் டிசம்பரிலோ ஜனவரியிலோ இணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். தேதி தாண்டினால் யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள், பெரும்பாலும் அடுத்த பருவம்தான். பதிவு செய்துவிட்டு எழுதித் தோற்றால் பல இடங்களில் மூன்று வாய்ப்போடு சரி, அதற்குப் பிறகு அந்தப் படிப்பையே தொடர முடியாது. இந்தப் பதிலை மூடிவிட்டு உங்கள் துறையின் தேர்வு விதிகளையும் கடைசித் தேதியையும் பாருங்கள்.