துணை முதல்வர் தானாகவே முதல்வர் ஆவாரா?

கேள்வி: முதல்வர் வெளிநாடு போனாலோ, உடல்நிலை சரியில்லாமல் படுத்துவிட்டாலோ, துணை முதல்வர்தானே தானாகவே அந்தப் பொறுப்புக்கு வருவார்? அதற்குத்தானே அந்தப் பதவியே? இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? (வாசகர், திண்டிவனம்)

பதில்: வரமாட்டார். துணைக் குடியரசுத் தலைவரை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். குடியரசுத் தலைவர் இறந்தாலோ விலகினாலோ அவர் பொறுப்பேற்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 65-வது பிரிவே சொல்கிறது. துணை முதல்வருக்கு அப்படி ஒரு வரிகூட இல்லை. 163, 164 பிரிவுகளைப் புரட்டிப் பாருங்கள். முதலமைச்சர் இருப்பார், மற்ற அமைச்சர்கள் இருப்பார்கள், அவ்வளவுதான். அந்த மற்ற அமைச்சர்களில் ஒருவர்தான் துணை முதல்வர்.

மத்தியில் துணைப் பிரதமர் பதவியும் இப்படித்தான். 1989-இல் வி.பி. சிங் அமைச்சரவையில் தேவிலால் பதவியேற்றதை எடுத்துக்கொள்ளுங்கள். குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் 'அமைச்சர்' என்று வாசிக்க, தேவிலால் 'துணைப் பிரதமர்' என்று சொல்லியே உறுதிமொழி எடுத்தார். விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அவரும் மற்ற அமைச்சர்களைப் போல ஓர் அமைச்சர்தான், துணைப் பிரதமர் என்று சொல்லிக்கொள்வதால் பிரதமரின் அதிகாரம் எதுவும் அவருக்கு வந்துவிடாது என்று வழக்கு முடிந்தது. 2024 பிப்ரவரியிலும் துணை முதல்வர் பதவியே செல்லாது என்று ஒரு மனு வந்தது. அவரும் அமைச்சர்தானே, இதில் சட்டமீறல் எங்கே என்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது.

சரி, முதல்வரால் இயங்க முடியாத நிலை வந்தால்? 2016-இல் நாமே பார்த்தோமே. செப்டம்பர் 22 அன்று ஜெயலலிதா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அப்போது துணை முதல்வர் என்று யாருமே இல்லை. அக்டோபர் 11 அன்று பொறுப்பு ஆளுநர் வித்யாசாகர் ராவ், அமைச்சர்களுக்குப் பணிகளைப் பிரித்துக் கொடுப்பது பற்றிய 166(3) பிரிவின் கீழ், முதல்வரிடம் இருந்த துறைகளை நிதியமைச்சர் ஓ. பன்னீர்செல்வத்திடம் கொடுத்தார். அமைச்சரவைக் கூட்டத்துக்கும் அவரே தலைமை தாங்குவார், ஜெயலலிதா முதல்வராகத் தொடர்வார் என்று அறிவிப்பு வந்தது. அதிகாரத்தை மாற்றியது அந்த ஆளுநர் உத்தரவுதான். துணை முதல்வர் ஒருவர் இருந்திருந்தாலும் உத்தரவு இல்லாமல் நடந்திருக்காது.

அப்புறம் எதற்கு இந்தப் பதவி? கட்சிக்குள் இரண்டாம் இடம் யாருக்கு என்று சொல்ல, கூட்டணிக் கட்சியைச் சமாதானப்படுத்த, சமூகக் கணக்கைச் சரிக்கட்ட. 2022-இல் மகாராஷ்டிரத்தில், ஏற்கெனவே முதல்வராக இருந்த பாஜகவின் பட்னாவிஸ் துணை முதல்வரானார். 2024-இல் அவர் மறுபடி முதல்வராக, அதுவரை முதல்வராக இருந்த சிவசேனாவின் ஷிண்டே துணை முதல்வரானார். கூட்டணிக் கணக்கு அப்படி. பதவி போவதும் எளிது. 2020 ஜூலையில் ராஜஸ்தானில் துணை முதல்வர் சச்சின் பைலட்டை நீக்க முதல்வர் கெலாட்டின் பரிந்துரையே போதுமானதாக இருந்தது.

எனக்குக் கோபம் வருவது 2019-இல் ஆந்திராவில் நடந்ததைப் பார்த்துத்தான். முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி ஒரே நேரத்தில் ஐந்து துணை முதல்வர்களை நியமித்தார், சமூகத்துக்கு ஒருவர் என்று. எங்கள் ஆள் துணை முதல்வர் என்று அந்த மக்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அவர்கள் கேட்டிருக்க வேண்டியது, எந்தத் துறை, எவ்வளவு நிதி, எந்தக் கோப்பில் அவரே கையெழுத்துப் போடலாம் என்பதைத்தான். மக்களுக்குக் கொடுக்க வேண்டிய அதிகாரத்துக்குப் பதிலாகப் பட்டத்தைக் கொடுப்பது ஏமாற்று வேலை. எந்தக் கட்சி செய்தாலும் அப்படித்தான்.

2024 செப்டம்பரில் உதயநிதி ஸ்டாலின் துணை முதல்வர் ஆனபோது, ஏற்கெனவே அமைச்சர் என்பதால் அவர் மறுபடி பதவியேற்கவில்லை. ஆளுநர் மாளிகை அறிவிப்பில் இன்னொன்றும் இருந்தது: திட்டம் மற்றும் வளர்ச்சித் துறை கூடுதலாக அவருக்கு ஒதுக்கப்பட்டது. அவர் பொறுப்பில் புதிதாகச் சேர்ந்தது அந்தத் துறைதான். நீங்கள் கேட்ட விவாதங்களில் எத்தனை பேர் அதைப் பற்றிப் பேசினார்கள்?