ஈ மொய்த்த பழத்தைக் குழந்தை தின்றுவிட்டால்…

‘ஈ மொய்த்த மாம்பழத் துண்டை என் இரண்டு வயது மகன் எடுத்துத் தின்றுவிட்டான். மறுநாளிலிருந்து பேதி. தினம் நாலைந்து தடவை தண்ணீராகப் போகிறது. காய்ச்சல் இல்லை, விளையாடுகிறான். ஈயால் டைபாய்டு, காலரா வரும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாடிக் சிரப் கொடுக்கிறேன். அது போதுமா?’ – ஒரு தாய், சேலம்

முதலில் அந்த சிரப்பை நிறுத்துங்கள். குழந்தைகளின் பேதி பெரும்பாலும் வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, பேதியைக் கூட்டவும் செய்யலாம்.

டைபாய்டு கிருமி உள்ளே போய்க் காய்ச்சலாக வெளிப்படப் பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். மறுநாளே வந்த பேதி அதுவல்ல. காலரா என்றால் அரிசி களைந்த தண்ணீர் போலக் கொட்டி, சில மணி நேரத்திலேயே பிள்ளை துவண்டுவிடும். ஓடி விளையாடுகிறவனுக்கு அந்தப் பயம் வேண்டாம்.

நீங்கள் பார்க்க வேண்டியது அவன் மலத்தை. ஒவ்வொரு தடவையும், நல்ல வெளிச்சத்தில். வழவழவென்று சளி, அதில் சிவப்பு இழையோ புள்ளியோ தெரிகிறதா? வயிறு வலிக்கிறது என்று அழுதுகொண்டு, முக்கி முக்கிக் கொஞ்சமாகப் போகிறானா? அது சீதபேதி. ஈயை நினைத்து நீங்கள் பயப்படுவதாக இருந்தால், அதற்குத்தான் பயப்பட வேண்டும்.

சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா என்ற பாக்டீரியா 10 முதல் 100 வரை உள்ளே போனாலே போதும். அவ்வளவை ஓர் ஈ தூக்கி வந்துவிடும். ஈயால் கடித்துத் தின்ன முடியாது. வயிற்றிலிருப்பதைப் பழத்தின் மேல் கக்கி, கரைத்து உறிஞ்சும். சமையலறை பல்பு ஒயரில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் இருக்கும், பாருங்கள். கறுப்பாக இருப்பது எச்சம், வெளிறியது கக்கியது. 1980-களின் கடைசியில் இஸ்ரேல் ராணுவ முகாம்களில் பொறி வைத்து ஈக்களை ஒழித்தபோது, ஷிகெல்லா பேதி 85 சதவீதம் குறைந்தது.

ரத்தம் தெரிந்தால் அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் போங்கள், ராத்திரியானாலும். அந்த நாப்கினையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். ஆன்டிபயாடிக் தேவைப்படுவது அப்போதுதான். எது, எத்தனை நாள் என்பதை மெடிக்கல்காரர் சொல்ல முடியாது. பேதியை நிறுத்துகிற மாத்திரையை மட்டும் தப்பித் தவறியும் கொடுத்துவிடாதீர்கள். சிறு குழந்தைக்கு அது ஆபத்து. ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலும், கண் உள்வாங்கினாலும், குடிப்பதையெல்லாம் வாந்தியெடுத்தாலும் காத்திருக்க வேண்டாம்.

இப்போதைக்கு ஓ.ஆர்.எஸ். போதும். பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு பேதிக்கும் 100 முதல் 200 மில்லி வரை, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக. மருத்துவரிடம் கேட்டு ஜிங்க் 20 மில்லிகிராம், தினம் ஒரு வேளை, 14 நாள். பேதி நின்ற பிறகும் அதை விடாதீர்கள். இட்லி, தயிர்சாதம் எல்லாம் வழக்கம்போலக் கொடுக்கலாம். பட்டினி போட வேண்டாம்.

அப்புறம் அந்த மாம்பழம். இலையில் போட்ட சுடுசோற்றில் ஈ ஒரு நொடி உட்கார்ந்ததற்காகச் சோற்றைக் கொட்ட வேண்டியதில்லை. நறுக்கி, மூடாமல் மணிக்கணக்கில் கிடந்த பழத்தைக் கொட்டிவிடுங்கள். பழத்தட்டை மூடுவதை விட முக்கியம், குழந்தை போனதை உடனே கழுவிக் கக்கூஸில் கொட்டிவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுவது. ஈ அங்கிருந்துதான் தட்டுக்கு வருகிறது.