நாத்தனார் தந்த அட்டையைப் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 33. இரண்டு குழந்தைகள். நான்கு வருடமாக மாலா-டி கருத்தடை மாத்திரை போடுகிறேன். பழைய ஊரில் கேட்டதும் கொடுப்பார்கள். திருப்பூருக்குக் குடிவந்த பிறகு, மருந்துக் கடையில் டாக்டர் சீட்டு கேட்கிறார்கள். அட்டை முடிந்து மூன்று நாள் ஆகிறது. நாத்தனார், நீர்க்கட்டிக்காகத் தனக்கு எழுதித் தந்த மாத்திரையில் ஓர் அட்டை கொடுத்தார். அதுவும் கருத்தடை மாத்திரைதானாம். போடலாமா? எப்போதாவது ஒற்றைத் தலைவலி வரும், வேறு பிரச்சினை இல்லை.

பதில்: கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, அந்தத் தலைவலியை முதலில் பார்ப்போம். வலி வருவதற்கு முன் கண்ணில் பளிச் பளிச்சென்று மின்னுகிறதா, வளைந்த கோடுகள் தெரிகின்றனவா, பார்வையில் ஒரு பக்கம் மறைகிறதா? ஆம் என்றால் இரண்டு மாத்திரையுமே உங்களுக்கு ஆகாது. இரண்டிலும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இருக்கிறது. இந்த வகைத் தலைவலி உள்ளவர்களுக்கு அது பக்கவாத ஆபத்தைக் கூட்டும். மின்னல் எதுவும் இல்லாத தலைவலி என்றாலும், 35 வயதை நெருங்குகிறீர்கள். மருத்துவரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.

சரி, சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். மாலா-டியில் இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மி.கி., எத்தினைல் எஸ்ட்ராடையால் 0.03 மி.கி. இந்தக் கலவைக்குச் சட்டப்படி சீட்டு தேவையில்லை. சஹேலி என்ற இன்னொரு கருத்தடை மாத்திரைக்கும் அப்படித்தான். கடைக்காரரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதே கலவை மாலா-என் என்ற பெயரில் இலவசமாகவே கிடைக்கிறது.

நாத்தனாரின் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நீர்க்கட்டிக்குப் பெரும்பாலும் ட்ரோஸ்பைரினோன் அல்லது சைப்ரோடிரோன் சேர்ந்த மாத்திரையைத்தான் எழுதுகிறோம். அவற்றுக்குச் சீட்டு வேண்டும். கால் நரம்பில் ரத்தம் உறைந்து அடைக்கும் வாய்ப்பு, மாலா-டியைவிட அவற்றில் சற்று அதிகம்.

அட்டை மாறும் குழப்பத்தை அடிக்கடி பார்க்கிறேன். ஒரு பெண் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டிய அட்டை கத்தரியால் வெட்டியது, பெயரில் பாதிதான் மிச்சம். திருப்பிப் பார்த்தால் நோரெத்திஸ்டிரோன். கோயில் திருவிழாவுக்காக மாதவிடாயைத் தள்ளிப்போட வாங்கியதாம். மிச்சமிருந்ததை, கணவர் ஊருக்கு வரும்போதெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டிருக்கிறார். என்னிடம் வந்தபோது இரண்டு மாதக் கர்ப்பம்.

அப்புறம், இந்த நான்கு வருடத்தில் ஒருமுறையாவது கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்தார்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. சீட்டு இல்லாமல் வாங்குவதைவிட எனக்கு இதுதான் கவலை. 140/90-ஐத் தொட்டுவிட்டால் இந்த மாத்திரை பொதுவாக ஆகாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசினோ, வலிப்புக்குக் கார்பமாசெபைன், ஃபெனிடாயினோ சாப்பிட்டாலும் சொல்லுங்கள். கருத்தடையின் பலனை அவை குறைத்துவிடும்.

இப்போது அவசரமான பகுதி. 28 மாத்திரை அட்டையில் கடைசி ஏழும் வெறும் இரும்புச்சத்து. ஆக, ஹார்மோன் இல்லாமல் உங்களுக்குப் பத்து நாள் ஓடிவிட்டது. இன்றிலிருந்தே ஆணுறை அவசியம். இந்த மூன்று நாளில் உறவு நடந்திருந்தால், லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. அவசர மாத்திரை ஒன்றை, உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அதற்கும் சீட்டு தேவையில்லை. ஆனால் தமிழ்நாட்டில் பல கடைகளில் அதை வைப்பதே இல்லை. கருக்கலைப்பு மாத்திரையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். கருக்கலைப்பு மாத்திரை முற்றிலும் வேறு மருந்து, மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே எடுக்க வேண்டியது. கடை கடையாக அலைந்து நேரத்தைக் கழிக்காமல் அரசு மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுக்குப் போங்கள். ஐந்து நாளுக்குள் காப்பர்-டி போட்டாலும் கர்ப்பத்தைத் தடுக்கும். அதில் ஹார்மோனே இல்லை என்பதால், கண்ணில் மின்னல் வருகிறவர்களுக்கும் போடலாம்.

போகும்போது பழைய அட்டையையும் எடுத்துப் போங்கள். மூன்று வாரம் கழித்துச் சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள், இடையில் லேசாக உதிரம் பட்டிருந்தாலும்.