கோடை முகாமுக்காகச் சீட்டைத் தள்ளி எடுக்கலாமா?

கேள்வி: சேலம் செவ்வாப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து, இப்போது பத்தாவது முடித்திருக்கிறாள். இஞ்சினியரிங் ஆசை. ஏற்காட்டில் 15 நாள் முகாம், ரோபோ செய்யக் கற்றுத் தருகிறார்களாம், 38,000 ரூபாய். ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு ஐந்தாவது மாதம் ஓடுகிறது. இப்போது ஏலத்தில் எடுத்தால் 22,000 தள்ளு, அதாவது கழிவு, போகிறது. எடுத்துக் கட்டிவிடலாமா? முகாம் நடத்துபவர்கள் தங்கள் தனியார் பள்ளியிலேயே பதினொன்றாம் வகுப்பிலும் சேர்க்கச் சொல்கிறார்கள்.

பதில்: சீட்டைத் தொடாதீர்கள், ஐயா. தள்ளியது போக 78,000 வரும். முகாமுக்குக் கட்டிய மிச்சம் வெள்ளி வாங்கவே ஓடிவிடும், பட்டறைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 38,000க்காக 22,000 இழப்பது என்ன கணக்கு? அனுப்பியே தீர வேண்டுமென்றால் நகையை அடகு வையுங்கள். ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்தாலும் மாத வட்டி 380 ரூபாய்தான்.

ஆனால் அனுப்பத்தான் வேண்டுமா? பொறியியல் கலந்தாய்வில் கட்‑ஆஃப் மொத்தம் 200, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துப் போடுவது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. முகாம் சான்றிதழுக்கு அதில் அரை மார்க்கும் இல்லை.

எனக்குப் பயமே அந்தத் தனியார் பள்ளிப் பேச்சுதான். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 சட்டப்படி பொறியியலில் 7.5 சதவீதத் தனி ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்லூரி, விடுதிக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வேறு. நான்கு வருடத்துக்கு 48,000. கடைசி இரண்டு வருடத்துக்குப் பள்ளியை மாற்றினால் எல்லாம் போச்சு. அந்தத் தனியார் பள்ளி ஏதாவது சலுகை தந்தாலும் இதற்கு ஈடாகாது.

சரி, பிள்ளையின் ஆசைக்கு என்ன செய்வது? லீவில் பத்து நாள் உங்கள் பட்டறையிலேயே உட்கார வையுங்கள். வெள்ளிக் கம்பி இழுக்க இழுக்க ஏன் விறைக்கிறது, தீயில் காட்டினால் ஏன் மறுபடி இளகுகிறது என்று யோசிக்கச் சொல்லுங்கள். அதுதான் உலோகவியல், கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் அதற்கென்றே தனித் துறை இருக்கிறது. அப்புறம் ஒரு நாள் மேட்டூர் கூட்டிப் போங்கள். 1934இல் கட்டி முடித்த, 120 அடி வரை தண்ணீர் தேக்கும் அணை, அடியிலேயே மின்நிலையம். பஸ், மீன் வறுவல் எல்லாம் சேர்த்தாலும் 1,000 ரூபாய் தாண்டாது.