சர்வீஸ் ரெக்கார்டு சுத்தமாக இருக்கிறது, காரை வாங்கலாமா? கேள்வி பதில்

பழைய கார் வாங்குபவர்களுக்காக வண்டியைப் பார்த்துச் சொல்வது என் வேலை. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: விற்பவர் ஒரு ஃபைல் நிறைய சர்வீஸ் காகிதம் வைத்திருக்கிறார், அதை எவ்வளவு தூரம் நம்புவது?

கேள்வி: சார், 7 வருடப் பெட்ரோல் கார், மேனுவல் கியர், 1,12,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஒரே ஓனர். முதல் சர்வீஸிலிருந்து எல்லா பில்லும் வரிசையாக வைத்திருக்கிறார். இதற்கு மேல் என்ன பார்ப்பது? வாங்கிவிடலாம்தானே?

பதில்: ஃபைலை வீட்டுக்கு வாங்கிவர முடியாவிட்டால் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வாருங்கள். ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, மாற்றிய பொருள் என்று எழுதுங்கள். ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தில் வண்டியின் முழுக் கதையும் வெளியே வந்துவிடும்.

முதலில் இடைவெளி. பெரும்பாலான கார்களுக்கு 10,000 அல்லது 15,000 கி.மீ., இல்லாவிட்டால் ஒரு வருடம், இதில் எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்ற வேண்டும். உங்கள் வண்டிக்குக் குறைந்தது ஏழு, எட்டு வரிகளாவது விழ வேண்டும். 48,000-க்கு அடுத்த வரி 79,000 என்று இருந்தால், நடுவில் 31,000 கி.மீ. ஒரே ஆயிலில் ஓடியிருக்கலாம். கேளுங்கள். தேதி ஏறும்போது கிலோமீட்டர் இறங்கியிருந்தால் கேட்க வேண்டியதே இல்லை, எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து, ஆயிலும் ஃபில்டரும் தவிர என்ன மாற்றியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், அதனால் பெரும்பாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வார்கள். கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்), ஸ்பார்க் பிளக், டைமிங் பெல்ட் (எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் பெல்ட்) எல்லாவற்றுக்கும் வண்டியோடு வந்த புத்தகத்தில் கணக்கு இருக்கும். பலர் ஆயில் மட்டும் ஒழுங்காக மாற்றிவிட்டுப் பெரிய செலவு வரும் நேரத்தில் வண்டியை விற்றுவிடுவார்கள். அது குற்றமில்லை. ஆனால் அந்தச் செலவு இனி உங்களுடையது.

மூன்றாவதாக, திரும்பத் திரும்ப வரும் வரி. நான் ஃபைலில் முதலில் தேடுவது இதைத்தான். ‘கூலன்ட் டாப் அப்’ என்று மூன்று பில்லில் இருந்தால் கூலன்ட் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது மூடிய அமைப்பு, சும்மா குறையாது. முன்பக்கத்தில் சத்தம் என்ற புகார் நான்கு முறை எழுதப்பட்டிருந்தால் அதை யாரும் சரி செய்யவில்லை.

இதெல்லாம் முடிந்த பிறகு, பில் சொல்வதைக் கார் ஒப்புக்கொள்கிறதா என்று பாருங்கள். ஒரு முறை நான் பார்த்த வண்டியில் 2,000 கி.மீ.க்கு முன்புதான் ஏர் ஃபில்டர் மாற்றியதாக பில் இருந்தது. ஃபில்டர் பெட்டியின் கிளிப்பைத் தட்டித் திறந்தேன். மடிப்புகளுக்குள் கறுப்புத் தூசி அப்பியிருந்தது, ஈசல் இறக்கைகள், சுருண்டு காய்ந்த இலை ஒன்று. விரலால் சுண்டினால் மண் கொட்டியது. ஓனர் நல்ல மனிதர், காசைக் கொடுத்திருக்கிறார், பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறார். வேலை மட்டும் நடக்கவில்லை. ஃபில்டரையே மாற்றாதவர்கள் ஆயிலை மாற்றியிருப்பார்களா என்ற சந்தேகம் அதன் பிறகு எனக்குத் தீரவே இல்லை. அந்த வண்டியை வேண்டாம் என்று சொன்னேன்.

கேள்வி: பில் எதுவும் இல்லை, சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை மட்டும் இருக்கிறது. போதுமா?

பதில்: போதாது. முத்திரை எந்த வேலை நடந்தது என்று சொல்லாது. நான்கு வருட முத்திரையும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே சாய்வில் இருந்தால் ஒரே நாளில் குத்தியதாகவும் இருக்கலாம். சர்வீஸ் செய்த இடத்துக்கு ஓனரையே கூட்டிக்கொண்டு போய், அவர்கள் கணக்கில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உண்மையான ஓனர் தயங்க மாட்டார்.

கேள்வி: அண்ணா, ஒரே மாடலில் இரண்டு வண்டி பார்த்திருக்கிறேன். ஒன்று 10 வருடத்தில் 30,000 கி.மீ.தான் ஓடியது, நான்கு சர்வீஸ் பில் இருக்கிறது. இன்னொன்று 6 வருடத்தில் 1,20,000, பில் எல்லாம் முழுசாக இருக்கிறது. வீட்டில் எல்லோரும் முதல் வண்டிதான் என்கிறார்கள்.

பதில்: நான் இரண்டாவதைத்தான் முதலில் போய்ப் பார்ப்பேன். பத்து வருடத்தில் நான்கு சர்வீஸ் என்றால் இரண்டரை வருடத்துக்கு ஒரு ஆயில். கிலோமீட்டர் குறைவு என்பதால் ‘இன்னும் நேரம் இருக்கிறது’ என்று விட்டிருக்கிறார்கள். ஆயிலுக்கு வயதும் உண்டு. ரப்பர் பொருள் எல்லாவற்றுக்கும் வயது உண்டு: பெல்ட், ஹோஸ், புஷ், சீல், டயர். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. முதல் வண்டியில் அதைப் பாருங்கள். பட்டன் ஆழமாக இருந்தாலும் பத்து வருட டயரை நம்பி வேகமாகப் போகக் கூடாது.

கேள்வி: இதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. 30,000 ஓடிய எஞ்சினைவிட நான்கு மடங்கு ஓடிய எஞ்சின் மேல் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? தேய்மானம் தேய்மானம்தானே?

பதில்: நல்ல கேள்வி, கணக்குப் போட்டே சொல்கிறேன். நெரிசலில் மணிக்குச் சராசரி 15 கி.மீ. வேகத்தில் 30,000 ஓடினால் எஞ்சின் சுற்றியது 2,000 மணி நேரம். நெடுஞ்சாலையில் சராசரி 60-இல் 1,20,000 ஓடினாலும் அதே 2,000 மணி நேரம்தான். ஓடோமீட்டரில் நான்கு மடங்கு வித்தியாசம், எஞ்சின் ஓடிய நேரத்தில் வித்தியாசமே இல்லை.

அப்புறம், எஞ்சின் அதிகம் தேய்வது சூடாவதற்கு முன்பு. 2 கி.மீ. கடைக்கும் பள்ளிக்கும் போய் நிறுத்தும் வண்டியில் ஆயில் முழுச்சூட்டுக்கு வருவதே இல்லை. எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆயிலில் சேரும், சூடு போதாததால் அவை வெளியேறாது. ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி அடிப்பக்கம் பாருங்கள், வெண்ணெய் போல மங்கலாகப் படிந்திருந்தால் பெரும்பாலும் இந்த வகை ஓட்டம்தான். ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல் பாகத்துக்கும் கீழ் பாகத்துக்கும் நடுவிலுள்ள சீல்) போன வண்டியிலும் அப்படி வரும், அதனால் கூலன்ட் குறைகிறதா என்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. எஞ்சினை மட்டும் சொல்கிறீர்கள். ஷாக் அப்சார்பர், வீல் பேரிங் எல்லாம் கிலோமீட்டருக்குத்தானே தேயும்?

பதில்: ஆமாம், சரியாகச் சொன்னீர்கள், அதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். வீல் பேரிங், ஷாக் அப்சார்பர், டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட், இவை ஓடிய தூரத்துக்குத் தேயும். 1,20,000 ஓடிய வண்டியில் இவற்றை மாற்றிய பில் இல்லாவிட்டால் அந்தச் செலவு வரப்போகிறது என்று வைத்துக்கொண்டுதான் விலை பேச வேண்டும். ஆனால் கிளட்ச் வேறு கதை. அது தேய்வது கியர் மாற்றும்போதும் நெரிசலில் ஊரும்போதும். நெடுஞ்சாலையில் 1,50,000 தாண்டியும் நன்றாக இருக்கும் கிளட்ச் நகரத்தில் 50,000-இலேயே போய்விடும்.

என் நிலை மாறவில்லை. பேரிங் போனால் சத்தம் போட்டு முன்கூட்டியே சொல்லும், மாற்றிவிடலாம். ஆயில் மாற்றாத எஞ்சினுக்குள் படிந்த கசடு சொல்லாமல் கெடுக்கும். எது பரவாயில்லை என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: மூன்றாவது ஆளாக நானும் வருகிறேன். 30,000-தான் ஓடியது என்பதை எப்படி நம்புவது? மீட்டரைக் குறைத்திருக்கலாமே?

பதில்: இதைத்தான் யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். பில்களின் பெரிய பயனே இதுதான். வெவ்வேறு வருடத்தில் வெவ்வேறு இடத்தில் எழுதிய கிலோமீட்டர் எண்கள் ஒரே சீராக ஏறினால், மீட்டரைத் திருத்தியவர் அத்தனை பில்லையும் திருத்தியிருக்க வேண்டும். அது கஷ்டம். பில் இல்லாவிட்டால் கை கால் படும் இடங்களைப் பாருங்கள். 30,000-இல் பிரேக் பெடல் ரப்பரின் கோடுகள் அழியாது. ஸ்டீயரிங் வழவழவென்று பளபளக்காது. டிரைவர் சீட்டின் கதவோர மேடு உள்ளே அமுங்கியிருக்காது. பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் அதுவும் ஒரு கேள்விதான்.

கேள்வி: 85,000 ஓடிய கார் வாங்கலாமா?

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் வண்டி, 1,05,000 கி.மீ. எல்லா சர்வீஸும் கம்பெனியில். ஆனால் கியர் பாக்ஸ் ஆயில் மாற்றிய வரி இல்லை. கேட்டால் ‘ஆயுளுக்கும் ஒரே ஆயில்’ என்கிறார்கள்.

பதில்: யாருடைய ஆயுளுக்கு என்று கேட்க வேண்டும். பல கார் நிறுவனங்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்.எஃப். நிறுவனமே தன் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது 8 வருடத்துக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. இதில் ஓனர் மேல் தப்பில்லை, அவர் சொன்னபடி செய்திருக்கிறார். வண்டியை நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள். கியர் மாறும்போது குலுக்கல், ‘டி’ போட்டபின் ஒரு நொடி தாமதம், ரிவர்ஸில் இடி, இதில் எது இருந்தாலும் வேண்டாம். எதுவும் இல்லையென்றால் வாங்கியதும் முதல் வேலையாக ஆயில் மாற்றுங்கள்.

கேள்வி: கடன் வாங்கி வாங்கலாமா, கையிருப்பில் வாங்கலாமா?

பதில்: இது என் துறை இல்லை. பணக் கணக்குத் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஸ்கேனர் போட்டுப் பார்த்தோம், ஒரு கோளாறும் காட்டவில்லை. நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகும் கோளாறு எண்களை நேற்றுகூட அழித்திருக்கலாம். அதே ஸ்கேனரில் ‘ரெடினஸ்’ என்று ஒரு பக்கம் இருக்கும். எண்களை அழித்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் அந்த வேலைகள் முதலிலிருந்து தொடங்கும். அதில் பல ‘முடியவில்லை’ என்று இருந்தால், பேட்டரி எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

கேள்வி: நாங்கள் போனபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ‘உங்களுக்காக ஏசி போட்டு வைத்தேன்’ என்றார். நன்றாகத்தான் ஓடியது.

பதில்: தயவுசெய்து இன்னொரு நாள் போங்கள். எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! ஆறிய எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்ய வேண்டும். டைமிங் செயின் தளர்ந்திருந்தால் முதல் இரண்டு மூன்று நொடி கடகடவென்று கேட்கும், ஆயில் ஏறியதும் அடங்கிவிடும். வால்வு சீல் போயிருந்தால் முதல் மூச்சில் நீலப் புகை வரும், பிறகு நின்றுவிடும். சூடான எஞ்சினில் இரண்டும் தெரியாது.

கேள்வி: ஒரே ஓனர், 92,000 கி.மீ., வாங்கலாமா சார்?

பதில்: பில்லை வரிசைப்படுத்தி, இடைவெளி எங்கே என்று எழுதிவிட்டுக் கேளுங்கள். வெறும் கிலோமீட்டரை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன். இந்தக் கேள்விக்கு இனி பதில் எழுதவும் மாட்டேன்.

கேள்வி: கம்பெனியில் விடாமல் வெளி மெக்கானிக்கிடம் சர்வீஸ் செய்த வண்டி. பில் இருக்கிறது. மதிப்புக் குறைவா?

பதில்: இல்லை. பில்லில் ஆயிலின் கிரேடு எழுதியிருக்கிறதா, அது வண்டிப் புத்தகத்தில் சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள். கிரேடையும் ஃபில்டர் எண்ணையும் எழுதிக்கொடுக்கும் மெக்கானிக் பெரும்பாலும் வேலையையும் செய்திருப்பார்.

கேள்வி: (முதலில் கேட்டவர் மீண்டும்) சார், நீங்கள் சொன்னபடி தாளில் எழுதினேன். இடைவெளி எதுவும் இல்லை. ஆனால் டைமிங் பெல்ட் மாற்றவில்லை, புத்தகத்தில் 1,20,000 என்று இருக்கிறது. கூலன்ட் டாப் அப் இரண்டு பில்லில் இருக்கிறது, இரண்டும் கடைசி ஒன்றரை வருடத்தில்.

பதில்: அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள். பெல்ட் விஷயம் சுலபம். பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், தண்ணீர் பம்ப் மூன்றையும் சேர்த்து மாற்ற எவ்வளவு என்று விசாரித்து, அதை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். பம்பை விட்டுவிடாதீர்கள், பல எஞ்சின்களில் அதை அந்தப் பெல்ட்தான் சுற்றுகிறது, தனியாக மாற்றினால் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டும். பெல்ட் அறுந்தால் பெரும்பாலான எஞ்சின்களில் பிஸ்டன் வால்வில் மோதிவிடும், அதனால் தள்ளிப்போட வேண்டாம்.

கூலன்ட்தான் எனக்குக் கவலை. பம்ப் கசிவாக இருந்தால் பெல்ட் வேலையோடு முடிந்துவிடும். ஹெட் கேஸ்கெட்டாக இருந்தால் இந்த வண்டி வேண்டாம். பணம் கொடுப்பதற்கு முன் மெக்கானிக்கை வைத்து ரேடியேட்டரில் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள், கூலன்டில் எஞ்சினுக்குள் எரிந்த புகை கலந்திருக்கிறதா என்ற சோதனையையும் சேர்த்து. ஓனர் சம்மதித்தால் காலையில் முதல் ஆளாகப் போங்கள், போனதும் பானெட் மேல் கை வைத்துப் பாருங்கள், ஜில்லென்று இருந்தால் மட்டும் சாவியைக் கேளுங்கள்.